சடங்கைத் தள்ளலாம், மருந்தைத் தள்ளாதே

(தோட்டத்து மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா, வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்)

அக்காவுக்கு, எனக்கு வயது 36. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மார்பில் கட்டி என்று கண்டியில் ஆபரேஷன் செய்தார்கள். காயம் ஆறிவிட்டது. இனி மூன்று கிழமைக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டுமாம். தலைமுடி கொட்டும் என்று பக்கத்துக் கட்டில்காரம்மா சொன்னார். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. எனக்கு முடி இடுப்பு வரை. மூத்த மகள் பெரிய பிள்ளையாகி இரண்டு மாதம். தை மாதம் சடங்கு வைக்க மண்டபமும் பேசியாயிற்று. மொட்டைத் தலையோடு மேடையில் நிற்பதா? சடங்கு முடியும் வரை மருந்தைத் தள்ளிப் போடலாமா? மாமியார், "மாரியம்மனுக்கு நேந்து இப்பவே மொட்டை போட்டுடு, கேக்குறவங்களுக்கும் பதிலாச்சு" என்கிறார். வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலை. முடி விஷயம் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கொட்டாமல் இருக்க எண்ணெய் ஏதும் உண்டா?
– பெயர் வேண்டாம், தலவாக்கலை

தங்கச்சி, (இப்படிக் கூப்பிட்ட பிறகு எனக்கு "நீங்கள்" வராது, கோபிக்காதே) எண்ணெயில் தொடங்குகிறேன், அதற்குப் பதில் சின்னது. இல்லை. கரிசலாங்கண்ணி இல்லை, மருதாணி இல்லை, சின்ன வெங்காயச் சாறும் இல்லை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கிறது. புற்றுநோய்ச் செல் அப்படிப் பெருகுகிறது, முடி வேரில் உள்ள செல்லும் அப்படித்தான். தலையில் உள்ள முடியில் பத்துக்கு எட்டு ஒன்பது எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருக்கும். மருந்து ஆள் பார்த்து அடிப்பதில்லை. சிலருக்கு வாய்ப்புண் வருவதும் இதே காரணத்தால்தான். இரத்தத்தோடு உள்ளே வரும் அடியை மேலே தடவுகிற எண்ணெய் என்ன செய்யும்? காய்ச்சிய எண்ணெய் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களுக்குக் காசு கொடுக்காதே. கஷாயம், லேகியம் எதையும் டாக்டருக்குத் தெரியாமல் குடிக்கவும் கூடாது. சிலது மருந்தோடு சேராது.

ஆனால் எல்லா மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. இதை வார்டில் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் பக்கத்துக் கட்டில்காரம்மா தன் மருந்தைத்தான் சொல்லியிருப்பார். உன் கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயர் எழுதியிருக்கும். டொக்ஸோரூபிசின், அதாவது சிவப்பாக இறங்குகிற மருந்து, இருந்தால் முடி போகும் என்றே வைத்துக்கொள். பக்லிடாக்செல், டொசிடாக்செல் இரண்டும் அப்படியே. கெபசிடபின் குளிசைக்குப் பெரும்பாலும் முடி கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். மார்புக்குக் கதிர் வைத்தால் தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது, கதிர் படும் இடத்து முடிதான் போகும். "மிஸ்ஸி, இந்த மருந்துக்கு முடி போகுமா?" என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை கேள். நீ கேட்கிற முதல் ஆள் இல்லை. அன்று காலையில்கூட முதல் ஆளாக இருக்க மாட்டாய்.

குளிர்த்தொப்பி என்று ஒன்று உண்டு. மருந்து ஏறும்போதும் அதற்கு முன்னும் பின்னும் தலைத்தோலைக் குளிரவைத்தால் இரத்தக் குழாய் சுருங்கி வேருக்குப் போகும் மருந்து குறையும். சிலருக்கு முடி ஓரளவு மிஞ்சும். உன் ஆஸ்பத்திரியில் இருந்தால் கேள். வீட்டில் ஐஸ்கட்டியை வைத்துக் கட்டி நீயாகச் செய்து பார்க்காதே.

எனக்கு இந்த நோய் 2014 இல் வந்தது. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினேன், சிவப்பு மருந்து நாலு முறை, பிறகு பக்லிடாக்செல். முதல் நாள் போன சிறுநீரும் சிவப்பாகப் போனதைப் பார்த்து, முப்பது வருஷம் இரத்தம் பார்த்த நானே கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது மருந்தின் நிறம், ஓரிரு நாளில் தெளிந்துவிடும். உனக்கும் அந்த மருந்தென்றால் இப்போதே தெரிந்துகொள்.

முடிக்கு இரண்டு மூன்று கிழமை ஆகும் என்றார்கள். பத்து நாளாகியும் ஒன்றும் இல்லை என்றதும் எனக்கு மட்டும் கொட்டாது என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. பிறகு தலைத்தோல் வலிக்கத் தொடங்கியது. இறுக்கிப் போட்ட கொண்டையை இராத்திரி அவிழ்க்கும்போது ஒரு வலி வருமே, அது நாள் முழுக்க. பதினாறாம் நாள் தண்ணீர்ப் பீலியில் குளித்துக்கொண்டிருந்தேன். தலையில் வைத்த கை முடியோடு வந்தது. ஈர முடி கையை விட்டு இலேசில் போகாது, தங்கச்சி. உதறினால் மற்றக் கையில் ஒட்டும், அங்கிருந்து உதறினால் தோளில் ஒட்டும். கடைசியில் பீலிக் கல்லில் கையைத் தேய்த்துத் துடைத்தேன். தண்ணீரோடு வடிகானில் இறங்கிய முடி கீழ் லயத்து வரிசை வீட்டு வாசலில் சிக்கி நின்றிருக்கிறது. "யாரோ சவுரியைத் தண்ணியில விட்டுட்டாங்க" என்று ஒரு பொடியன் குச்சியால் தூக்கி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். அவன் பிறந்தபோது தொப்புள்கொடி வெட்டியது நான்தான்.

அந்தப் பதினாறு நாளை நான் வீணாக்கினேன். நீ வீணாக்காதே. இந்த நோயில் திகதி, மருந்து, ஊசி, கட்டில் எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் முடிவு செய்வார்கள். முடியை எப்போது, யார், எந்தக் கத்தரிக்கோலால் வெட்டுவது என்பது ஒன்றுதான் உன் கையில் இருக்கிறது. அதை மாமியாருக்கும் கொடுக்காதே, பீலிக்கும் கொடுக்காதே.

முதல் மருந்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு ஒற்றைப் பின்னலாகப் பின்னச் சொல். எண்ணெய் வேண்டாம், காய்ந்த முடியாக இருக்கட்டும். மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர் போட்டு இறுக்கி, மேல் ரப்பருக்கு மேலே வெட்டச் சொல். பின்னல் கலையாமல் அப்படியே வரும். அதைத் துணியில் சுற்றி மலிபன் பிஸ்கட் டின்னில் வைத்துவிடு. பிறகு அதில் கொஞ்சத்தை எடுத்து ஸ்கார்ஃபின் முன் விளிம்பில் தைத்தால், நெற்றியில் உன் முடியே தெரியும். மிச்சத்தைச் சவுரியாகவும் கட்டலாம். மகளை ஏன் இதில் இழுக்கிறேன் என்று கேட்பாய். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒளித்து வைக்கிற விஷயம்தான் பயம். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்த விஷயம் வேலை.

அதற்குப் பிறகு உன் தலை ஆம்பளைப் பிள்ளை கிராப்பு மாதிரி இருக்கும். அது கொட்டத் தொடங்கும் நாளில் மிச்சத்தை எடுத்துவிடு. தலையணையிலும் சோற்றுக் கோப்பையிலும் கிடக்கும் முடியைப் பொறுக்கிக்கொண்டிருப்பது மொட்டையை விடப் பெரிய தண்டனை. ஆனால் சவரக்கத்தி வேண்டாம், கிளிப்பர் மெஷின்தான். சலூன்காரத் தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னால் வருவார், மெஷினின் பல்லை ஸ்பிரிட்டில் துடைக்கச் சொல். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளையணு மிகவும் குறைந்திருக்கும். அப்போது கத்தி கீறிய சின்னக் காயமும் சீழ் பிடிக்கும். முடியை விட்டு ஒரு வார்த்தை: அந்த நாட்களில் காய்ச்சல் 38 செல்சியஸ், அதாவது 100.4 வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்காதே. இராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. ஓட்டோக்காரர் நம்பரை இப்போதே சுவரில் எழுதி வை.

மாமியாருக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் லயத்தில் பொம்பளை மொட்டைக்கு நேர்த்திக்கடன் ஒன்றுதான் கௌரவமான காரணம். உனக்கே நேர்ந்துகொள்ள மனமிருந்தால் முதல் மருந்துக்கு முன்னால் முடியைக் கொடு, மெஷினால் எடுத்துக் கொடு. அம்மன் கத்தியா மெஷினா என்று பார்ப்பதில்லை. ஊருக்குச் சொல்ல ஒரு பொய்யாக மட்டும் அதைச் செய்தால் என் கதைதான் நடக்கும். மஹரகமவுக்குப் போகிற பஸ்ஸில் கினிகத்தேனையில் ஏறிய ஒரு அம்மா என் தலையைப் பார்த்து, "எந்தக் கோயில்ல?" என்று கேட்டார். கதிர்காமம் என்று சொல்லிவிட்டேன். என்ன வேண்டுதல், எத்தனை பேர் போனீர்கள், செல்லக் கதிர்காமமும் போனீர்களா என்று கித்துல்கலை வரை கேள்வி. நானும் சளைக்காமல் சொன்னேன். இறங்கும்போது அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாயை என் கையில் வைத்து, "அடுத்த தடவை போனா உண்டியல்ல போட்டுடுங்க, எனக்குப் போக ஏலாது" என்றார். அந்த நூறு ரூபாயை மாற்றாமல் இரண்டு வருஷம் டின்னில் வைத்திருந்து, 2016 இல் கதிர்காமம் போய்ப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அதன் பிறகு யார் கேட்டாலும் "கேன்சர் மருந்து" என்றுதான் சொன்னேன். கேட்டவர் வாயடைத்துப் போவார், எனக்கும் பயணம் நிம்மதியாக இருக்கும்.

இன்னொரு தொல்லையும் வரும், தயாராக இரு. "கவ்வாத்து வெட்டுன மலை மாதிரி, திரும்பத் தளுக்கும்" என்று லயத்துக்கு ஒருவர் வந்து சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொன்னவர்களை எண்ணிப் பதினொன்றில் விட்டுவிட்டேன். தேயிலைச் செடியை ஒட்ட வெட்டிய கவ்வாத்து மலையில் மாதக்கணக்கில் கொழுந்தே எடுக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன! அது வரைக்கும் வேண்டியதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

சடங்கு தையில். அப்போது நம் பக்கம் இராத்திரிக் குளிர் எப்படி என்று உனக்குத் தெரியும், நுவரெலியாவில் பனி உறையும். முடியில்லாத தலைக்குக் குளிர் நேராக எலும்பில் இறங்கும். கம்பளிக் குல்லா வாங்கு, ஆனால் வெறுந்தலையில் போடாதே, அரிக்கும். பழைய நூல் சேலையை முக்கோணமாகக் கிழித்து முதலில் கட்டி, அதன்மேல் குல்லா. நைலெக்ஸ் வழுக்கி விழும், நூல் சேலைதான் பிடித்து நிற்கும். பகல் வெயிலுக்கும் தலையை மூடு. வெயில் காணாத தோல் ஒரு மணி நேரத்தில் சிவந்துவிடும்.

விக் வேண்டுமானால் வாங்கலாம், கட்டாயமில்லை. நைலோன் முடி விக் மலிவு. அதைப் போட்டுக்கொண்டு விறகடுப்பை ஊதாதே, சூட்டில் முன்முடி சுருண்டு பிசுபிசுத்துப் போகும். நான் ஒன்றை அப்படித்தான் பாழாக்கினேன், ரொட்டி சுடும்போது. மலையேறினால் வியர்வையில் நகரும், கூடைக் கயிற்றைத் தலையில் போட்டால் கயிற்றோடு சேர்ந்து பின்னால் போகும். நீ மருந்து ஏற்றுகிற காலத்தில் கொழுந்து மலைக்குப் போகக் கூடாது என்பது என் எண்ணம். வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. போய்த்தான் ஆக வேண்டுமென்றால் கயிற்றைத் தலையில் போடாதே, அந்தத் தோல் தாங்காது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் பாரம் தூக்கலாமா என்பதையும் கிளினிக்கில் கேட்டுவிட்டுப் போ.

புருவமும் இமை முடியும் தலைமுடிக்குப் பின்னால் போகலாம். இமை மெலிந்தால் அடுப்புப் புகை கண்ணைப் பிடுங்கும், மூக்கு முடி போனால் சளி இல்லாமலே மூக்கு ஒழுகும். முந்தானையில் ஒரு கைக்குட்டையைச் செருகி வை. புருவம் இருக்கும்போதே முகத்தைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், பிறகு பென்சிலால் வரைய அது உதவும். அது இல்லாமல் நான் வரைந்த புருவத்தில் மூன்று மாதம் ஆச்சரியப்பட்ட முகத்தோடு திரிந்தேன்.

இனி உன் பெரிய கேள்வி. மருந்தைத் தள்ளாதே. ஆபரேஷனுக்குப் பிறகு இத்தனை கிழமைக்குள் தொடங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் டாக்டர் திகதி போடுகிறார். சடங்குக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது, ஐயர் நாள் குறிக்கிற கணக்கு மட்டும்தான். (சடங்கே வேண்டுமா என்பதைப் பற்றி எனக்கு ஒரு பக்கம் எழுத இருக்கிறது, ஆசிரியர் இடம் தரமாட்டார்.) அடுத்த வருஷம் வைத்தாலும் மகள் மகள்தான். தையில்தான் என்றால் கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டு நாள் குறி. மருந்துக்குப் பின் இரண்டாம் கிழமையில் வைக்காதே. நூறு பேர் கன்னத்தைத் தடவிக் கொஞ்சுகிற மண்டபம் அந்த நாட்களில் உனக்கு ஆகாது. அடுத்த மருந்துக்கு முந்திய மூன்று நாலு நாளில் பெரும்பாலும் உடம்பு தேறியிருக்கும். ஐயரிடம் மூன்று நாள் கேட்டால் ஒன்றாவது பொருந்தும். டாக்டரிடமும் காட்டிக்கொள். மேடையில் சேலையின் அதே துணியில் தலைக்கட்டு, அதன் ஓரத்தில் மல்லிகைச் சரத்தை ஊசி குத்திப் பிடித்தால் போட்டோவுக்கு அழகாகவே இருக்கும்.

வீட்டுக்காரருக்கு இன்று இரவே போன் எடு. பொங்கலுக்கு வந்து வாசலில் வைத்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை இது. என் வீட்டுக்காரர் கேட்டதும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது. சம்பளத்துக்கு மறுநாள் நுவரெலியா போய் ஒரு குல்லா வாங்கி வந்தார், ரோஸ் நிறம், மேலே இரண்டு முயல் காது. பெரிய ஆளுக்குக் கம்பளியில் இதுதான் மெத்தென்று இருந்ததாம். அந்தக் காதோடு கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஹட்டனில் போட்டால் அவிசாவளையில் வியர்த்துக் கழற்றுவேன்.

கடைசி மருந்து முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பஞ்சு மாதிரி முளைக்கத் தொடங்கும், பிறகு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். எனக்குச் சுருட்டையாக வந்தது, ஒரு வருஷத்தில் பழையபடி நேராயிற்று. நரைத்தும் வரலாம். அரிதாகச் சிலருக்கு முன்போல அடர்த்தி வருவதில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை. முடி போன காலத்தில் எனக்குப் பழகாமலே போனது ஒன்றுதான். குளித்து முடித்ததும் கை தானாகப் பின்கழுத்துக்குப் போகும், கொண்டை முடிய. அங்கே ஒன்றும் இருக்காது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்தைச் சொறிந்துகொண்டு வருவேன்.

அம்மாவுக்கு 47 வயது. மார்புப் புற்றுநோய்க்கு எல்லாம் முடிந்து இப்போது தமொக்சிபென் குளிசை மட்டும் குடிக்கிறார். கீமோவில் போன முடி வந்தது, இப்போது மறுபடி வகிடு அகலமாகிறது. பயந்து ஒரு மாதமாகக் குளிசையை ஒளித்து வைத்திருக்கிறார், நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். என்ன செய்ய?
– மகன், பதுளை

தம்பி, முதலில் திட்டாதே. அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல், ஒரு மாதம் விட்டதை டாக்டரிடம் சொல். தமொக்சிபென் சிலருக்கு முடியை மெலிய வைக்கும், ஆனால் மொட்டையாக்காது. அது ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம் குடிக்க வேண்டிய குளிசை. நோய் திரும்பி வராமல் காவல் நிற்பது அதுதான். இரத்தத்தில் இரும்பு குறைந்தாலும் தைரொயிட் கோளாறு என்றாலும் முடி மெலியும், இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல். வகிட்டைப் பக்கவாட்டில் எடுத்துச் சீவினால் பாதி மறையும், அதற்கு டாக்டர் வேண்டாம்.

அம்மா, நான் தோட்டப் பாடசாலை ஆசிரியர். ஆறாம் ஆண்டில் ஒரு மாணவன் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்து இடையில் பாடசாலைக்கு வருகிறான். முடி இல்லை. "மொட்டை, மொட்டை" என்று பிள்ளைகள் தட்டிவிட்டு ஓடுகிறார்கள். வகுப்பில் தொப்பி கூடாது என்பது பாடசாலை விதி.
– பொகவந்தலாவை

சேர், விதியை அதிபரிடம் சொல்லி அவனுக்கு மட்டும் தளர்த்துங்கள், வாயால் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் புதிதாக வரும் ஆசிரியர் ஒருவர் கழற்றச் சொல்வார். பிள்ளைகளிடம் அவன் இல்லாத ஒரு நாளில் பேசுங்கள். இது தொற்றாது, மருந்தால் போன முடி, மருந்து முடிந்ததும் வரும் என்ற மூன்று வாக்கியம் போதும், பதினொரு வயதுக்கு அது விளங்கும். தலையில் தட்டுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். அவனுக்கு இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டு குறைந்திருந்தால் சின்ன அடிக்கும் உள்ளே இரத்தம் கசியும்.

தொப்பியை விடப் பெரிய விஷயம் ஒன்று. வகுப்பில் யாருக்காவது கொப்புளிப்பான் (சின்னம்மை) போட்டிருக்கிறது என்று தெரிந்த அன்றே அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் உடனே வார்டுக்கு அறிவிக்க வேண்டும், கொப்புளம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்த மருந்தில் இருக்கும் பிள்ளைக்கு அது உயிராபத்து.

தொப்பியை இரண்டாகக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடைவேளையில் ஒன்று கூரைக்குப் போகும்.